ஸ்டெயின்லஸ் ஸ்டீலில் ஓட்டை போட எந்த பிட் வாங்கலாம்?

தைப்பூசம் நெருங்கினால் என் போனுக்கு ஒரே கேள்வி பல பேரிடமிருந்து வரும். "அண்ணே, காவடிச் சட்டத்துக்கு ஓட்டை போடுறேன், ரெண்டு ஓட்டையிலேயே பிட்டு மழுங்கிடுது, எந்த பிட்டு வாங்குறது?" மற்ற மாதங்களிலும் இதே கேள்விதான், காவடிக்குப் பதிலாகத் தோசைக் கடை மேசை, சமையலறை சிங்க், மாடிப்படிக் கைப்பிடி, வீட்டு கேட் என்று பொருள் மட்டும் மாறும். நான் மலேசியாவில், பினாங்கின் பிறையில் ஒரு தொழிற்சாலையின் பராமரிப்புப் பிரிவில் வேலை செய்கிறேன், சனி ஞாயிறுகளில் பட்டர்வொர்த்தில் வீட்டு முன்வாசலிலேயே சின்னச் சின்ன வேலைகள் எடுத்துச் செய்வதும் உண்டு. ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகக் குரல் பதிவு அனுப்பி அலுத்துப்போய், எல்லாவற்றையும் ஒரே இடத்தில் எழுதி வைக்க உட்கார்ந்திருக்கிறேன்.

ஹார்ட்வேர் கடைச் சுவரில் கறுப்பு, வெள்ளி, தங்கம், செம்பு நிறங்களில் பிட்டுகள் தொங்கும். விலை கூடியதை எடுத்தால் பிரச்சினை தீர்ந்துவிடும் என்று நினைத்துத்தான் பெரும்பாலானவர்கள் காசைக் கொட்டுகிறார்கள். நல்ல பிட் வேண்டும்தான். ஆனால் விலை கூடிய பிட்டையும் நிமிடத்துக்கு 2,000 சுற்றில் ஓட்டினால் முதல் ஓட்டையிலேயே முனை நீலமாகிச் செத்துப்போகும், விலை குறைந்த பிட்டை 500 சுற்றில் எண்ணெய் விட்டு அழுத்தி ஓட்டினால் ஏழெட்டு ஓட்டையாவது போட்டுத் தரும். அதனால் உங்கள் கையில் என்ன மெஷின் இருக்கிறது, அது எவ்வளவு மெதுவாக ஓடும் என்று பார்த்த பிறகுதான் பிட்டைப் பற்றிப் பேச வேண்டும்.

இந்த உலோகம் ஏன் இப்படிப் படுத்துகிறது

நம் ஊரில் அதிகம் புழங்குவது 304 என்ற எண் கொண்ட ஸ்டெயின்லஸ் வகை. அதில் ஏறக்குறைய 18 சதவீதம் குரோமியம், 8 சதவீதம் நிக்கல். இதற்கு இரண்டு குணங்கள், இரண்டும் பிட்டுக்கு எமன்.

ஒன்று, சூட்டைக் கடத்தாது. சாதா இரும்பு கடத்துவதில் மூன்றில் ஒரு பங்கு அளவுதான் இது கடத்தும். சாதா இரும்பில் ஓட்டை போடும்போது பிறக்கும் சூட்டில் நல்ல பங்கைத் தகடே வாங்கிக்கொள்ளும். இங்கே தகடு வாங்காது, சூடு பிட்டின் முனையிலேயே தங்கும்.

இரண்டாவது, உரசினால் இறுகும். பிட் உள்ளே வெட்டிக்கொண்டு இறங்கும்வரை பிரச்சினை இல்லை. அழுத்தம் போதாமல் ஒரே இடத்தில் சுற்றிக்கொண்டே இருந்தால், சுற்றிய இடம் முன்பைவிட மிகவும் கடினமாகிவிடும். கீச்சென்று ஒரு சத்தம் வரும், ஓட்டையின் அடி கண்ணாடி மாதிரி பளபளக்கும், துருவல் நின்றுவிடும். அந்தக் கட்டத்தில் "பிட்டு மோசம்" என்று புதிய பிட்டை மாட்டி அதே இடத்தில் வைத்தால் அதுவும் போகும். ஒரே ஓட்டைக்கு நான்கு பிட் போட்டுவிட்டு என்னிடம் வந்தவர்கள் இருக்கிறார்கள். அவர்களின் முதல் பிட் மழுங்கியதற்கு வேகம் காரணம், மற்ற மூன்றும் இறுகிப்போன அந்த அடியால் போனவை.

கையில் இருப்பது 304தானா என்று பலர் காந்தம் ஒட்டிப் பார்க்கிறார்கள். நன்றாக ஒட்டினால் அது 430 போன்ற வகை, துளை போட ஓரளவு சுலபம். ஒட்டவில்லை என்றால் 304, 316, 201 இந்த மூன்றில் எதுவாகவும் இருக்கலாம். 201இல் நிக்கலைக் குறைத்து மாங்கனீஸ் சேர்த்திருப்பார்கள். விலை மலிவு, ஆனால் உரசினால் 304ஐவிட வேகமாக இறுகும். மலிவான கேட், கைப்பிடிக் குழாய்களில் பிட் அநியாயத்துக்கு மழுங்கினால் இதையும் சந்தேகப்படுங்கள். வளைத்த இடங்களில் 304கூட லேசாகக் காந்தத்தை இழுக்கும், அதைப் பார்த்துக் கடைக்காரர் ஏமாற்றிவிட்டார் என்று சண்டைக்குப் போக வேண்டாம்.

எதை வைத்து எடை போடுவது

நான் பார்ப்பது இவற்றைத்தான்: தகடு எத்தனை மில்லிமீட்டர், ஓட்டை எத்தனை மில்லிமீட்டர், மொத்தம் எத்தனை ஓட்டை, கை டிரில்லா நிலையான டிரில்லா, மழுங்கினால் நீங்களே சாணை பிடிப்பீர்களா. இந்த ஐந்துக்கும் பதில் இல்லாமல் "எது நல்ல பிட்" என்று கேட்டால் யாராலும் நேர்மையாகப் பதில் சொல்ல முடியாது. விலையை நான் ஆறாவதாகத்தான் பார்ப்பேன், அதுவும் ஒரு பிட்டின் விலையாகப் பார்ப்பதில்லை, ஓர் ஓட்டைக்கு எவ்வளவு ஆகிறது என்றுதான் பார்ப்பேன்.

இதோடு வேகக் கணக்கும் தெரிந்திருக்க வேண்டும். 304க்கு எச்எஸ்எஸ் (ஹை ஸ்பீட் ஸ்டீல்) எனும் சாதா பிட்டுகள், கோபால்ட் கலந்த பிட்டுகள் ஆகியவற்றின் வெட்டும் ஓரம் நிமிடத்துக்கு 10 மீட்டர் அளவில் நகர்ந்தால் பாதுகாப்பு. அதைச் சுற்றாக மாற்றினால் ஏறக்குறைய இப்படி வரும்:

| பிட் அளவு | நிமிடத்துக்குச் சுற்று |
|---|---|
| 3 மி.மீ. | 1,060 |
| 4 மி.மீ. | 800 |
| 5 மி.மீ. | 640 |
| 6 மி.மீ. | 530 |
| 8 மி.மீ. | 400 |
| 10 மி.மீ. | 320 |
| 12 மி.மீ. | 265 |

பேட்டரி டிரில்லின் மேலே 1, 2 என்று ஒரு கியர் இருக்கும். 1இல் வைத்தால் பெரும்பாலான மெஷின்களில் அதிகபட்சமே 400, 500 சுற்றுதான், ஆகவே 6 மில்லிமீட்டருக்கு மேல் எல்லாமே 1இல்தான். கியர் இல்லாத, வயரோடு வரும் சின்ன டிரில்கள் 2,500 சுற்றுக்கு மேல் பறக்கும். விசையைப் பாதி அழுத்தி மெதுவாக ஓட்டலாம், ஆனால் அப்போது முறுக்கு விசையும் போதாது, உள்ளே இருக்கும் விசிறியும் மெதுவாகச் சுற்றுவதால் மோட்டார் சூடாகும். அந்த டிரில்லை வைத்துக்கொண்டு கோபால்ட் பிட் வாங்குவதைவிட, இரண்டு கியர் உள்ள டிரில் ஒன்றை இரவல் வாங்கிச் சாதா பிட் போடுவது நல்லது. மேசையில் நிலையாக நிற்கும் சின்ன பெஞ்ச் டிரில் வைத்திருப்பவர்களும் கவனிக்க வேண்டும், பலவற்றில் பெல்ட்டைக் கடைசிப் படியில் மாட்டினாலும் 500, 600 சுற்றுக்குக் கீழே இறங்காது. 6 மில்லிமீட்டருக்கு அது சரி, 10க்கும் 12க்கும் அதிகம்.

அப்புறம், சுத்தியல் படம் போட்ட நிலையில் டிரில்லை வைத்து எஃகில் ஓட்டவே கூடாது. அது சுவருக்கு.

சாதா எச்எஸ்எஸ் பிட்

ஹை ஸ்பீட் ஸ்டீல் என்ற பெயரே பலரைக் கெடுத்துவிட்டது, வேகமாக ஓட்டத்தான் செய்திருக்கிறார்கள் என்று நினைத்துவிடுகிறார்கள். இந்த எஃகு 1900ஆம் ஆண்டு பாரிஸ் கண்காட்சியில் உலகத்துக்குக் காட்டப்பட்டது. அதற்கு முன் இருந்த கார்பன் எஃகுக் கருவிகளைவிட வேகமாக வெட்டியதால் வந்த பெயர் அது.

மெல்லிய தகட்டில், அதாவது 1.5 மில்லிமீட்டருக்குள், நான்கைந்து ஓட்டை மட்டும் போட வேண்டும் என்றால் சாதா பிட் போதும், புதிதாக இருக்க வேண்டும், அவ்வளவுதான். பெட்டிக்குள் கிடக்கும், ஏற்கெனவே இரும்பிலும் மரத்திலும் உழைத்த பிட்டை எடுத்துவராதீர்கள். இதில் இருக்கும் இன்னொரு குறை முனைக் கோணம். சாதா பிட்டுகள் பெரும்பாலும் 118 டிகிரி, நடுவில் உளி மாதிரி ஒரு தட்டையான ஓரம் இருக்கும். அந்த ஓரம் வெட்டாது, அழுத்தித் தள்ளத்தான் செய்யும், 304இல் தள்ளினாலே இறுகும். தகட்டின் மேல் வழுக்கிக்கொண்டும் ஓடும். பளபளப்பான சிங்க்கில் அப்படி ஒரு கீறல் விழுந்தால் பிட்டில் மிச்சம் பிடித்த காசு எங்கே போனது என்று வீட்டுக்காரம்மா கேட்பார்.

கனமான தகட்டுக்கும் நிறைய ஓட்டைக்கும் இது வேண்டாம். பத்து ஓட்டைக்குள் சாணை கேட்கும்.

கோபால்ட் பிட்

என் பெட்டியில் முக்கால்வாசி இதுதான், ஆகவே இதைக் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

கோபால்ட் பிட் என்றால் மேலே கோபால்ட் பூசியது என்று பலர் நினைக்கிறார்கள். எஃகை உருக்கும்போதே கோபால்ட் கலந்திருப்பார்கள். எம்35 என்றால் 5 சதவீதம், எம்42 என்றால் 8 சதவீதம். கோபால்ட் சேர்ந்தால் சூட்டிலும் எஃகின் கடினம் சீக்கிரம் தளராது. 304இல் முனைக்குத்தான் சூடு என்று மேலே சொன்னேன் இல்லையா, அந்தச் சூட்டைத் தாங்குவதற்குத்தான் இந்தக் கலவை.

எம்42தான் கூடுதல் கடினம், அதனால் அதுதான் நல்லது என்று தோன்றும். கை டிரில்லுக்கு நான் எம்35தான் சொல்வேன். கடினம் கூடக் கூட எஃகு நொறுங்கும் குணமும் கூடும். கையில் பிடித்து ஓட்டும்போது நம் மணிக்கட்டு கொஞ்சமாவது ஆடும், தகட்டின் மறுபக்கம் வெளியேறும் நொடியில் பிட் வெடுக்கென்று கொக்கி போடும். 3, 4 மில்லிமீட்டர் எம்42 பிட் அந்த நொடியில் உடைந்துவிடும். பெஞ்ச் டிரில்லில் இறுக்கமாகப் பிடித்துப் போடுபவருக்கு எம்42 அருமை.

வாங்கும்போது இரண்டு விஷயம் பாருங்கள். காம்பில் எம்35 என்றோ எச்எஸ்எஸ்-கோ என்றோ பொறித்திருக்க வேண்டும். நிறத்தை நம்ப வேண்டாம், நல்ல கோபால்ட் பிட் வெளிர் வைக்கோல் நிறத்தில் இருப்பது வழக்கம்தான், ஆனால் அந்த நிறத்தைச் சாதா பிட்டுக்கும் கொண்டுவரலாம். இரண்டாவது முனை: 135 டிகிரி, நடுவில் பிளந்து தீட்டிய முனை. வெளிச்சத்தில் முனையை நேராக உங்கள் பக்கம் திருப்பிப் பார்த்தால், நடுவில் இருக்கும் அந்த உளி ஓரம் ஒரு புள்ளியளவுக்குச் சுருங்கி, இரண்டு பக்கமும் சின்னதாக இரண்டு வெட்டுகள் தெரியும். இது வைத்த இடத்திலேயே நிற்கும், குறைந்த அழுத்தத்தில் உள்ளே இறங்கும்.

இந்த முனை இருந்தால், இடத்தைக் குறிக்கக் குழி போடும் சென்டர் பஞ்சால் ஓங்கி அடிக்க வேண்டாம். அடித்த இடமும் இறுகும், பிட் முதலில் தொடுவதே அந்த இறுகிய குழியைத்தான். லேசாக ஒரு தட்டு போதும். அதேபோல் முதலில் 3, அப்புறம் 5, அப்புறம் 7, கடைசியில் 8 என்று படிப்படியாகப் பெரிதாக்கும் பழக்கம் பலருக்கு இருக்கிறது, அதை விட்டுவிடுங்கள். ஏற்கெனவே ஓட்டை இருக்கும் இடத்தில் பெரிய பிட்டின் வெளி மூலைகள் மட்டும்தான் வேலை செய்யும், அந்த மூலைகள்தான் முதலில் கருகும். 8 மில்லிமீட்டர் வரை பிளந்த முனை பிட்டை நேரடியாகவே விடலாம். அதற்கு மேல் என்றால் ஒரே ஒரு சின்ன வழி ஓட்டை, பெரிய பிட்டின் நடுத் தண்டின் கனத்துக்கு இருந்தால் போதும்.

விலை சாதா பிட்டைப்போல இரண்டு மூன்று மடங்கு வரும். போன தைப்பூசத்துக்கு முன் ஒரு தம்பி கொண்டுவந்த காவடிச் சட்டத்தில் 3 மில்லிமீட்டர் பட்டையில் 36 ஓட்டை, எல்லாம் 6 மில்லிமீட்டர். அவர் அதுவரை ஒரு டஜன் சாதா பிட்டை வாங்கிப் பதினொரு ஓட்டை போட்டிருந்தார். மீதி இருபத்தைந்தையும் ஒரே எம்35 பிட்டில் ஒரே மாலையில் முடித்தோம், அந்த பிட் இன்னும் என் பெட்டியில் இருக்கிறது. ஓர் ஓட்டைக்கு எவ்வளவு என்று கணக்குப் பார்த்தால் எது மலிவு என்று நானே சொல்ல வேண்டியதில்லை.

இதன் பெரிய லாபம் சாணை. கோபால்ட் உடம்பு முழுக்க இருப்பதால் எத்தனை தடவை தீட்டினாலும் அதே தரம். பெஞ்ச் கிரைண்டரில் தீட்டும்போது இரண்டு வெட்டு ஓரமும் ஒரே நீளம், ஒரே கோணம் இருக்க வேண்டும், ஓரத்துக்குப் பின்னால் கொஞ்சம் சரிவு இருக்க வேண்டும். சரிவு இல்லாவிட்டால் ஓரம் தகட்டைத் தொடாது, அதன் முதுகுதான் உரசும். சூடானதும் தண்ணீரில் முக்கும் பழக்கம் வேண்டாம், சட்டென்று குளிர்ந்தால் கண்ணுக்குத் தெரியாத விரிசல் விழும். மெதுவாகத் தீட்டி, இடையிடையே காற்றில் ஆறவிட்டால் போதும். பிளந்த முனையைக் கையால் தீட்டப் பழக்கம் வேண்டும், ஆனால் பழகிவிட்டால் பிட் வாங்கும் செலவு பாதிக்கும் கீழே போய்விடும்.

தங்க நிறப் பூச்சு

தங்க நிறம் என்றால் டைட்டேனியம் நைட்ரைட் பூச்சு. உள்ளே இருப்பது பெரும்பாலும் சாதா எச்எஸ்எஸ்தான், மேலே சில மைக்ரான் கனத்துக்கு ஒரு கடினமான தோல். நல்ல தயாரிப்பு என்றால் துருவல் ஒட்டாது, முனை கூடுதல் நேரம் தாங்கும். ஆனால் ஒருமுறை சாணை பிடித்தால் முனையிலிருந்த தோல் போய்விடும், அதற்கப்புறம் வெட்டுவது உள்ளே இருக்கும் சாதா எஃகு. சாணை பிடிக்காமல் மழுங்கினால் தூக்கிப் போடுபவருக்கு இது சரியான நடுவழி.

பெட்டியோடு முப்பது நாற்பது பிட் மலிவாக வருகிறதே, எல்லாம் தங்க நிறமாக, அவற்றை ஸ்டெயின்லஸுக்கு வாங்காதீர்கள். மரத்துக்கும் அலுமினியத்துக்கும் ஆகும். ஊதா கலந்த கறுப்பில் வரும் டைட்டேனியம் அலுமினியம் நைட்ரைட் பூச்சு வேறு ஜாதி, அது நல்ல சூட்டில்தான் தன் முழுப் பலத்தையும் காட்டும், தொழிற்சாலை மெஷின்களின் வேகத்துக்கு ஏற்றது. கை டிரில்லில் 400 சுற்றில் ஓட்டுபவர் அதற்குக் கூடுதலாகக் காசு கொடுப்பது வீண். கோபால்ட் உடம்பும் பூச்சும் சேர்ந்து வருகிற பிட் கிடைத்தால், விலை ஒத்துவந்தால், தாராளமாக வாங்கலாம்.

கார்பைட்

டங்ஸ்டனும் கார்பனும் சேர்ந்த முழு கார்பைட் பிட் எங்கள் தொழிற்சாலையில் கணினி ஓட்டும் சிஎன்சி மெஷினில் 304ஐ வெண்ணெய் மாதிரி வெட்டுவதை நான் தினமும் பார்க்கிறேன். அதே பிட்டைக் கை டிரில்லில் மாட்டினால் ஆயுள் சில நொடிதான். கார்பைட் மிகக் கடினம், ஆனால் கண்ணாடிக்குணம், பக்கவாட்டில் லேசாக ஆடினாலே துண்டாகும், உடைந்த துண்டு ஓட்டைக்குள் மாட்டிக்கொண்டால் அதை எடுக்கும் வேலை பிட்டின் விலையைவிட அதிகம். இறுக்கமான நிலையான டிரில், ஆடாத வைஸ், நூற்றுக்கணக்கில் ஓட்டை, இது மூன்றும் இருப்பவர் மட்டும் யோசிக்கலாம்.

சுவருக்கான பிட்டின் நுனியிலும் கார்பைட்தானே இருக்கிறது, அதை வைத்துப் போடலாமா என்று கேட்பவர்களும் உண்டு. அது கல்லை இடித்து நொறுக்குவதற்கான முனை, எஃகை வெட்டும் கூர் அதில் கிடையாது.

ஸ்டெப் பிட், ஹோல் சா

மெல்லிய தகட்டில் பெரிய ஓட்டை வேண்டுமானால் மேலே சொன்ன எதுவும் சரிவராது. மெல்லிய தகட்டில் 12 மில்லிமீட்டர் பிட்டை விட்டால் ஓட்டை வட்டமாக வராது, முக்கோணமாக வரும், கடைசி நொடியில் தகட்டையே சுழற்றிவிடும்.

1 மில்லிமீட்டர், 1.5 மில்லிமீட்டர் தகடு, 20 மில்லிமீட்டர் வரை ஓட்டை: ஸ்டெப் பிட். கூம்பு மாதிரி, படிப்படியாக அகலும். ஒரே பிட்டில் பல அளவு வரும், ஓரத்தைச் சுத்தமாக விடும். மேல் படிகளுக்குப் போகப் போகச் சுற்றைக் குறைத்துக்கொண்டே போக வேண்டும். 20 மில்லிமீட்டர் படியில் மேலே சொன்ன கணக்குப்படி 160 சுற்றுதான் வருகிறது, ஆனால் பெரும்பாலானவர்கள் தொடக்கத்திலிருந்த வேகத்திலேயே கடைசிவரை ஓட்டி மேல் படிகளைக் கருக்கிவிடுகிறார்கள். கையால் சாணை பிடிப்பதும் சிரமம், ஆகவே ஒருமுறை போனால் போனதுதான். இதில் மறைந்திருக்கும் செலவு அதுதான்.

சமையலறைக் குழாய்க்கான ஓட்டை வழக்கமாக 35 மில்லிமீட்டர். அதற்குக் கார்பைட் பல் வைத்த ஹோல் சா (கிண்ணம் மாதிரி வட்ட ரம்பம்) நல்லது, இரண்டு உலோகம் சேர்த்துச் செய்த ஹோல் சாவும் மெதுவாக ஓட்டினால் தாங்கும். ஒரு விஷயத்தை யாரும் சொல்லித் தருவதில்லை: ஹோல் சாவின் நடுவில் வரும் வழி பிட் பெரும்பாலும் சாதா எச்எஸ்எஸ். அதுதான் முதலில் மழுங்கும், நடுப் பிட் இறங்காததால் சுற்றியுள்ள பற்கள் தகட்டை வெட்டாமலே உரசிக் கருகும், பழி ஹோல் சா மேல் விழும். நடுப் பிட்டைக் கழற்றி, அதே அளவு கோபால்ட் பிட்டை மாட்டிவிட்டுத் தொடங்குங்கள்.

தகட்டின் பின்னால் ஒரு பலகைத் துண்டை வைத்துச் சேர்த்துக் கவ்வினால் இரண்டுமே இன்னும் நன்றாக வேலை செய்யும். பொருத்திய சிங்க்கில் அது முடியாது, அப்போது கையை இன்னும் நிதானமாக வைக்க வேண்டும்.

கட்டுமான வேலைக்காரர்கள் வைத்திருக்கும் காந்த டிரில்லை இரவல் கேட்கலாமா என்று ஒருவர் கேட்டிருந்தார். 304இல் காந்தம் ஒட்டாதே, அந்த டிரில் எதைப் பிடித்துக்கொண்டு நிற்கும்? அடியில் கனமான சாதா இரும்புத் தகட்டைக் கவ்வி வைத்து அதன் மேல் நிறுத்துவார்கள், அது பழகியவர்கள் செய்யும் வேலை.

பட்டறைக்குக் கொடுத்துவிடுவது

இதையும் ஒரு வழியாகக் கணக்கில் எடுங்கள். இந்தப் பக்கம் பிறை, புக்கிட் மெர்தாஜாம், கோலாலம்பூர் என்றால் சான் சவ் லின், செகாம்புட் பக்கம் உலோகப் பட்டறைகள் இருக்கின்றன. தகடு இன்னும் பொருத்தப்படவில்லை, ஓட்டைகள் ஐம்பதுக்கு மேல், அல்லது தகடு 6 மில்லிமீட்டருக்கு மேல் கனம் என்றால், வரைபடம் கொடுத்து லேசரில் வெட்டி வாங்குவது பல சமயம் மலிவு. வெட்டும் கூலியோடு போக்குவரத்து, குறைந்தபட்சக் கட்டணம், சின்ன வேலை என்பதால் வரிசையில் கடைசியில் நிற்பது எல்லாம் சேரும். வீட்டில் பொருத்திவிட்ட கைப்பிடிக்கு இது உதவாது.

எண்ணெயும் அழுத்தமும்

எந்த பிட் என்றாலும் எண்ணெய் வேண்டும். கட்டிங் ஆயில் ஒரு சின்னப் பாட்டில் வாங்கினால் வருடக்கணக்கில் வரும். டபிள்யூடி-40 நீரை விரட்டுவதற்காக 1953இல் உருவாக்கிய திரவம், வெட்டும் இடத்தில் நிற்க அதற்குக் கனம் போதாது, ஒன்றுமே இல்லாததற்கு அது தேவலாம். அவசரத்துக்குச் சமையல் எண்ணெய் அதைவிட நன்றாகவே வேலை செய்யும்.

அழுத்தம் நெஞ்சிலிருந்து வர வேண்டும், மணிக்கட்டிலிருந்து வந்தால் போதாது. டிரில்லுக்குப் பின்னால் நேராக நின்று உடம்பைச் சாய்த்து, முதல் நொடியிலிருந்தே அழுத்துங்கள். பிட் துருவலைத் தள்ளுகிறதா என்று கண்ணை எடுக்காமல் பாருங்கள். நல்ல வெட்டு என்றால் இரண்டு பள்ளத்திலிருந்தும் வெள்ளி நிறத்தில் சுருள் சுருளாக வரும். வைக்கோல் நிறமானால் சூடு ஏறுகிறது, நீலமானால் உடனே நிறுத்திச் சுற்றைக் குறையுங்கள், பொடிப்பொடியாக வந்தால் பிட் மழுங்கிவிட்டது. நிறுத்தினால் பிட்டை முழுதாக வெளியே எடுத்துவிடுங்கள், உள்ளேயே சும்மா சுற்றவிட வேண்டாம். சுருளைக் கையால் இழுக்காதீர்கள், சவரக் கத்தி தோற்கும், கையுறை போட்டுக்கொண்டு இழுத்தால் பிட் கையுறையோடு விரலையும் சேர்த்துச் சுற்றிக்கொள்ளும். பிரஷ்ஷால் தட்டிவிடுங்கள்.

யார் எதை வாங்கலாம்

வீட்டில் ஒரு சிங்க், ஒரு குழாய் ஓட்டை, அதற்கப்புறம் டிரில்லைத் தொடப்போவதில்லை என்றால் ஹோல் சா வாங்காதீர்கள், இரவல் வாங்குங்கள், நடுவில் மாட்ட ஒரு கோபால்ட் பிட் மட்டும் வாங்குங்கள். கடை மேசையில் கம்பி, சுவிட்ச் பெட்டி மாட்டுபவர் ஒரு ஸ்டெப் பிட்டும் 4 மில்லிமீட்டர் எம்35 இரண்டும் வைத்துக்கொண்டால் வருடம் ஓடும். கேட், கைப்பிடி, காவடி செய்பவர்கள் எம்35இல் 4, 5, 6, 8 அளவுகளில் தலைக்கு இரண்டு, கூடவே சாணை பிடிக்கும் பழக்கம். பெட்டியோடு பத்தொன்பது அளவு வாங்க வேண்டாம், நீங்கள் தொடப்போவது நான்கு அளவைத்தான்.

தஞ்சோங் பூங்கா மாதிரி கடலோரத்தில் வேலை என்றால் தகடு 316ஆக இருக்கலாம், மாலிப்டினம் சேர்ந்தது. பிட் விஷயத்தில் 304க்குச் சொன்னது எல்லாம் பொருந்தும், கொஞ்சம் கூடுதல் பொறுமை வேண்டும். அங்கே வேலை முடிந்ததும் துருவலை ஒரு துகள் விடாமல் துடைத்து, எண்ணெயையும் சோப்புத் தண்ணீரில் கழுவிவிடுங்கள். குறிப்பாக அதே மேசையில் சாதா இரும்பை அறுத்திருந்தால் அந்தத் தூள் ஒட்டிக்கொண்டு, கொஞ்ச நாளில் ஓட்டையைச் சுற்றிப் பழுப்புக் கறை வரும். வாடிக்கையாளர் அதைப் பார்த்து மட்டமான தகடு போட்டுவிட்டீர்கள் என்பார்.

ஏற்கெனவே இறுகிப்போன ஓட்டை

இதைப் படிக்கும்போதே பாதி ஓட்டையில் நின்றுகொண்டிருப்பவர்கள் இருப்பீர்கள். மறுபக்கம் எட்டுமானால் அந்தப் பக்கத்திலிருந்து தொடங்குங்கள், அங்கே உலோகம் இன்னும் மிருதுவாகவே இருக்கும். எட்டாவிட்டால், சின்ன கார்பைட் பர்ரை (சுழலும் அரம்) டை கிரைண்டரில் மாட்டி அந்தப் பளபளத்த தோலை மட்டும் சுரண்டி எடுத்துவிட்டு, புதிதாய்த் தீட்டிய கோபால்ட் பிட்டை மெதுவாக, ஆனால் முதல் நொடியிலேயே முழு அழுத்தத்தோடு இறக்குங்கள்.

காவடித் தம்பியின் சட்டத்தில் பன்னிரண்டாவது ஓட்டை அப்படித்தான் இறுகிக் கிடந்தது. பட்டையைத் திருப்பிப் போட்டு, டிரில்லை 1இல் வைத்து, இரண்டு சொட்டு எண்ணெய் விட்டு, அவரையே பின்னால் நின்று சாயச் சொன்னேன். கொஞ்சம் முனகிவிட்டு பிட் பிடித்துக்கொண்டது, வெள்ளிச் சுருள் இரண்டு நீளமாக வெளியே வந்தன. "அண்ணே, இவ்வளவு மெதுவா ஓட்டணும்னு யாருமே சொல்லலையே" என்றார். போல்ட் மாட்டும்போது ஒன்று மட்டும் சொன்னேன், உங்களுக்கும் சொல்கிறேன்: போல்ட்டும் நட்டும் ஸ்டெயின்லஸ் என்றால் மரையில் துளி கிரீஸ் தடவாமல் முறுக்காதீர்கள், இரண்டும் ஒன்றையொன்று கவ்விக்கொண்டு இறுகிவிட்டால் அப்புறம் அறுத்துத்தான் எடுக்க வேண்டும்.